பொதித் தபாலும் சிறு வணிகரும்

ஒரு பண்டத்தைச் செய்தவன் அதற்கு ஒரு விலை குறிக்கிறான். ஆயின் நூறு மைலுக்கு அப்பால் இருந்து அதனை வாங்குபவனுக்கு அப்பண்டத்தின் விலை அதுவன்று. செய்தவன் கேட்ட விலையோடு வழிக்கூலியும் சேர்ந்ததே அவனுக்கு விலை. பெருவணிகன் ஆயிரம் பொதிகளை ஒருங்கே அனுப்புகிறான். புகையிரதப் பகுதியாரோடும் லொறிக்காரரோடும் பேரம் பேசுகிறான். ஒரு பொதியை மட்டும் கையில் ஏந்திவரும் சிறு வணிகனுக்கோ பேரம் இல்லை. சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் சொல்வதே கூலி. ஆதலால், தபாற் கட்டணம் உயரும் ஒவ்வொரு காலத்திலும் முதலில் நடுங்குவது அவன் கைத்தராசேயாகும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி சாதாரண கடிதத்தின் மிகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. இணையத்தின் வாயிலாகப் பனங்கட்டியும் கைத்தறிச் சேலையும் விற்கத் தொடங்கியிருந்தோர் பலர், இனி எவ்வழியால் அனுப்புவது மலிவு என்று கணக்குப் பார்க்கும் நிலை அதன்பின் வந்தது. இக்கணக்கு புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு நாடுகளில் இதே கணக்கைச் சிறு வணிகர் போட்டுப் பார்த்திருக்கின்றனர். அக்கணக்கின் வரலாறு சுவையானது. சில இடங்களில் நகைப்பையும் தருவது.

1680ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வில்லியம் டொக்ரா என்னும் வணிகர் தனியார் தபால் ஒன்றைத் தொடங்கினார். நகரெங்கும் ஏற்பு நிலையங்கள். நாளொன்றுக்குப் பலமுறை விநியோகம். கட்டணம் ஒரு பென்னி. கடிதம் மட்டுமன்றி, ஓர் இறாத்தல் வரை நிறையும் பத்துப் பவுண் வரை பெறுமதியும் உள்ள பொதியும் அதே ஒரு பென்னிக்குச் சென்றது. தையற்காரனும் மருந்து விற்பவனும் அதனால் எவ்வளவு பயன் பெற்றிருப்பர் என்பதை ஊகிப்பது எளிது. ஆனால் அந்நாளில் தபால் வருமானம் மன்னரின் தம்பியாராகிய யோர்க் கோமகனுக்கு உரியதாயிருந்தது. மக்களுக்கு நன்மையாயிருப்பது கோமகனுக்கு நட்டமாயிருக்குமாயின் எது நிலைக்கும்? 1682இல் டொக்ராவின் தபால் தடுக்கப்பட்டது. அரசாங்கமே அதனைக் கைப்பற்றித் தன் பெயரில் நடத்தியது.

அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வரை, நாடு முழுவதற்குமான பொதித் தபால் என்று பிரித்தானியாவில் ஒன்று இருக்கவில்லை. 1840இல் ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் பென்னித் தபால் வந்து கடிதம் மலிந்தது உண்மையே. பொதியோ புகையிரதக் கம்பெனிகளின் கையிலேயே கிடந்தது. கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கூலி. ஒரு கம்பெனியின் பாதை முடிந்து மற்றொன்றின் பாதை தொடங்குமிடத்தில் மறுபடியும் ஒரு கூலி.

இம்முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் ஹென்றி போசெற் ஆவார். இருபத்தைந்து வயதில் வேட்டையின்போது தந்தையாரின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டதனால் இரு கண்களையும் இழந்தவர் அவர். எனினும் கேம்பிரிட்ஜில் பொருளியற் பேராசிரியராய் விளங்கி, 1880இல் தபால் மா அதிபர் பதவியை ஏற்றார். புகையிரதக் கம்பெனிகளோடு நெடுநாட் பேசி, 1883 ஆகஸ்ட் 1ஆம் திகதி பொதித் தபாலைத் தொடக்கிவைத்தார். ஓர் இறாத்தல் வரை மூன்று பென்ஸ், மூன்று இறாத்தல் வரை ஆறு பென்ஸ், ஐந்து வரை ஒன்பது பென்ஸ், ஏழு வரை ஒரு சிலிங் எனக் கட்டணம் அமைந்தது. தூரம் கணக்கிலில்லை. லண்டனில் அடுத்த தெருவுக்கும் ஸ்கொத்லாந்தின் கடைக்கோடிக்கும் ஒரே கூலி. ‘கடிதம் சுமப்போர்’ எனப்பட்டவர் கடிதம் மட்டும் சுமப்பவராக இராமையால், ‘தபாற்காரர்’ என்னும் பெயரைப் பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

இந்த நன்மைக்கு ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. புகையிரதத்தில் ஏறும் பொதி ஒவ்வொன்றின் கட்டணத்திலும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு கம்பெனிகளுக்கு என்பது உடன்படிக்கை. சுமந்தவனுக்குப் பாதிக்கு மேல். ஏற்றவனுக்கும் பிரித்தவனுக்கும் வீட்டுக்கு எடுத்துச் சென்றவனுக்கும் மிச்சம். இதன் விளைவு ஒரு வேடிக்கை. புகையிரதம் வந்தபின் மறைந்துபோன குதிரைத் தபால் வண்டி, 1887இல் மீண்டும் வீதிக்கு வந்தது! லண்டனிலிருந்து பிரைற்றனுக்கு இரவிரவாகக் குதிரை வண்டியில் பொதிகளை அனுப்புவது, கம்பெனிகளுக்குப் பங்கு கொடுப்பதிலும் மலிவு என்று தபாற் பகுதியார் கண்டனர். வேகமான வழியே மலிவான வழி என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சியைக் காட்டலாம்.

இனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவை நோக்கினால், கதை இன்னும் சூடானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்ந்தனர். 1896இல் தொடங்கிய கிராமிய இலவச விநியோகத்தினால் தபாற்காரன் பண்ணை வாசல் வரை வந்தான். ஆனால் அவன் பையில் நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட பொதி இருத்தல் கூடாது. அந்த நான்கு இறாத்தலுக்கும் இறாத்தலொன்றுக்குப் பதினாறு சதம் கட்டணம். இதிலே ஒரு விந்தை உண்டு. அமெரிக்காவிலிருந்து பிறநாடு ஒன்றுக்குப் பதினொரு இறாத்தல் வரை, இறாத்தல் பன்னிரண்டு சதமாக அனுப்பலாம். அதாவது நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவிலுள்ள அத்தைக்குப் பரிசு அனுப்புவது மலிவு. அயலூரிலுள்ள அத்தைக்கு அனுப்புவது செலவு.

நான்கு இறாத்தலைத் தாண்டிய பொதிகளெல்லாம் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் வழியே செல்லவேண்டும். அடம்ஸ், அமெரிக்கன், வெல்ஸ் பார்கோ, யுனைற்றட் ஸ்ரேற்ஸ் என்பன அவற்றுட் பெரியவை. புகையிரதப் பாதைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டமையால் ஒரு பாதையில் இரு கம்பெனிகள் போட்டியிடுவது அரிது. இலாபம் எத்தகையதெனில், 1910இல் வெல்ஸ் பார்கோ தன் பங்காளருக்கு நூற்றுக்கு முந்நூறு வீதம் விசேட இலாபப் பங்கு வழங்கிற்று. அரசியலில் அவர்களுக்குச் செல்வாக்கு இல்லையோ எனில், யுனைற்றட் ஸ்ரேற்ஸ் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவராக நெடுங்காலம் இருந்த தோமஸ் பிளாற் என்பார் நியூயோர்க்கின் செனற்றராகவும் இருந்தார் என்பது போதும். 1889 முதல் 1893 வரை தபால் மா அதிபராயிருந்த ஜோன் வனமேக்கர், பொதித் தபால் வாராமைக்குக் காரணம் கேட்டவர்களுக்கு, இக்கம்பெனிகளின் பெயர்களை விரல் மடக்கி எண்ணிக் காட்டினார் என்பர்.

கம்பெனிகள் மட்டுமே தடையாக நின்றன என்று சொன்னால் வரலாறு எளிதாகிவிடும். உண்மை அத்துணை எளிதன்று. பொதித் தபாலைக் கடுமையாக எதிர்த்தவருள் சிறு வணிகரும் இருந்தனர். சிற்றூர்க் கடைக்காரரே அவர். சிக்காகோவில் மொன்ற்கொமரி வார்ட் என்பார் 1872இல் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டுத் தபால்வழி வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். பின்னர் சியர்ஸ் றோபக் கம்பெனி நூற்றுக்கணக்கான பக்கங்கொண்ட பட்டியலைக் கிராமந்தோறும் பரப்பியது. பொதிக்கூலி குறைந்தால் இந்த யானைகள் தம் கடையை மிதித்துவிடும் என்பது கடைக்காரரின் அச்சம். பண்ணைக்காரனுக்கு ஆண்டு முழுவதும் கடன் கொடுத்தவர் அவர். மழை பொய்த்த ஆண்டில் பொறுத்திருந்தவர் அவர். ரொக்கப் பணம் கையில் வந்ததும் அது சிக்காகோவுக்குப் போவதா? அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லை என்று எவராலும் சொல்லமுடியாது. மறுபக்கம், உழவர் சங்கங்கள் பொதித் தபாலைக் கோரின. முட்டையும் வெண்ணெயும் விற்கும் உழவனும் சிறு வணிகனே. ஆகவே சட்டசபையில் மோதியவை பெரியோரும் சிறியோரும் மட்டுமல்ல. ஒரு சிறியோர் கூட்டமும் மற்றொரு சிறியோர் கூட்டமுமாகும்.

இரு சாராரையும் ஓரளவு ஆற்றுவதற்கு வகுத்த வழியே வலய முறை. 1912 ஆகஸ்ட் 24ஆம் திகதி ஜனாதிபதி ராவ்ற் ஒப்பமிட்ட சட்டத்தினால் நாடு எட்டு வலயங்களாகக் கணிக்கப்பட்டது. அனுப்பும் ஊரிலிருந்து ஐம்பது மைலுக்குட்பட்டது முதலாம் வலயம். ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு மேற்பட்டது எட்டாம் வலயம். அண்மைக்குக் கூலி குறைவு, சேய்மைக்கு அதிகம். சிக்காகோவின் பெருங்கடைக்குத் தூரமே சுங்கமாகும். அண்மையிலுள்ள சிறு வணிகனுக்கு அதுவே வேலியாகும் என்பது எண்ணம். போசெற்றின் பிரித்தானியா தூரத்தைப் புறக்கணித்தது. அமெரிக்கா தூரத்தையே அளவுகோலாக்கியது.

1913 சனவரி 1ஆம் திகதி பொதித் தபால் தொடங்கியது. எல்லை பதினொரு இறாத்தல். முதலாம் வலயத்துக்கு முதல் இறாத்தல் ஐந்து சதம், மேற்பட்ட ஒவ்வோர் இறாத்தலுக்கும் மூன்று சதம். எட்டாம் வலயத்துக்கு இறாத்தலொன்றுக்குப் பன்னிரண்டு சதம். இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். சிறு வணிகனின் புத்தி வேலை செய்தது இங்கேதான். அயலூரிலுள்ள ஒருவருக்குப் பதினொரு இறாத்தல் பண்டத்தை ஒவ்வோர் இறாத்தலாகப் பதினொருமுறை அனுப்பினால் ஐம்பத்தைந்து சதம். ஒரே பொதியாகக் கட்டினால் முப்பத்தைந்து சதம். இருபது சதம் மிச்சம். ஆதலால் அண்மையிலுள்ளவர்க்கு அனுப்புவோன், வாங்குவோரைப் பொறுத்திருக்கச் செய்து, கட்டளைகளைச் சேர்த்து அனுப்புதல் இலாபம். எட்டாம் வலயத்துக்கோ சேர்த்தாலும் பிரித்தாலும் ஒரே கூலி, ஒரு டொலர் முப்பத்திரண்டு சதம். அங்கே பொறுத்திருப்பதில் கட்டணத்தால் வரும் பயன் ஏதுமில்லை. ‘எந்தத் தபால் மலிவு’ என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதை அந்நாளைய கட்டணப் பட்டியலே காட்டுகிறது. நிறை எத்தனை, தூரம் எத்தனை, ஒரே கைக்குப் பல பொதிகளா, பல கைகளுக்கு ஒவ்வொன்றா என்று கேட்டபின்னரே விடை சொல்ல முடியும்.

தொடங்கிய ஆறு மாதங்களுள் ஏறத்தாழ முப்பது கோடிப் பொதிகள் சென்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அண்மை வலயங்களுக்கான எல்லை இருபது இறாத்தலாக உயர்ந்து, முதல் இறாத்தல் ஐந்து சதம், மேற்பட்ட ஒவ்வொன்றும் ஒரு சதம் எனக் கட்டணமும் குறைந்தது. 1914 சனவரியில் அவ்வெல்லை ஐம்பது இறாத்தலாயிற்று. கல்லூரி மாணவர் அழுக்குத் துணிகளைப் பொதியாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பி, வெளுத்த துணிகளைத் திரும்பப் பெற்றனர். தாய்மார் அத்துணிகளுக்கிடையே பலகாரம் வைத்து அனுப்பியது பட்டியலில் இல்லாத சலுகை.

ஐடகோ மாநிலத்திலே 1914 பெப்ரவரியில் பெற்றோர் தம் சிறு பெண்குழந்தையையே தபாலில் அனுப்பினர். கிரேஞ்வில் என்னும் ஊரிலிருந்து லூயிஸ்ரன் நகரிலுள்ள பாட்டியாரிடம் அவள் செல்லவேண்டும். புகையிரதச் சீட்டின் விலை அதிகம். அவள் நிறை நாற்பத்தெட்டரை இறாத்தல்; எல்லை ஐம்பது. மேலங்கியில் ஐம்பத்துமூன்று சத முத்திரை ஒட்டப்பட்டது. முதல் இறாத்தலுக்கு ஐந்து, மிகுந்த நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. கணக்கு ஒரு சதமும் பிசகவில்லை. குழந்தை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். தபாற் புகையிரதத்தில் பணிபுரிந்த உறவினர் ஒருவர் துணையாகச் சென்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

யூற்றா மாநிலத்தின் வேர்னல் என்னும் ஊரில் 1916இல் வங்கிக் கட்டடம் ஒன்றை எழுப்ப எண்பதினாயிரம் செங்கற்கள் தேவைப்பட்டன. சோல்ற் லேக் நகரிலிருந்து அவற்றைச் சாதாரண சரக்காக அனுப்பும் கூலி, பொதித் தபாற் கட்டணத்தைப் போல் இரட்டிப்புக்கும் மேல். ஆகவே செங்கற்கள் ஐம்பது இறாத்தலுக்கு மேற்படாத சிப்பங்களாகத் தபாற் கந்தோருக்கு வந்தன. கட்டணம் கணிக்கப்பட்டது பறவை பறக்கும் நேர்த்தூரத்தைக் கொண்டு. செங்கல் சென்றதோ புகையிரதத்தில் கொலராடோ மாநிலம் வரை சுற்றி, குறும்பாதைப் புகையிரதத்துக்கு மாறி, ஈற்றில் குதிரை வண்டியில். நானூறு மைல் வழிக்குரிய செலவு தபாற் பகுதியின் தலையில் விழுந்தது. ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளில் இருநூறு இறாத்தலுக்கு மேல் அனுப்பலாகாது என்று பின்னர் விதி செய்தனர். வங்கி அதற்குள் எழுந்துவிட்டது, இன்றும் நிற்கிறது. நட்டத்தை ஈடுசெய்தவர் யாரென்றால், முத்திரை வாங்கும் நாட்டு மக்களே. மலிவான கூலி என்று ஒன்று இருக்குமிடத்தில், அந்த மலிவுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்.

எதிர்பார்த்த அளவு பயன் தராத முயற்சியும் ஒன்றுண்டு. பண்ணையிலிருந்து நேரே நகரத்து உணவு மேசைக்குப் பண்டம் செல்லவேண்டும் என்று 1914இல் தபாற் பகுதி ஒரு திட்டம் வகுத்தது. விற்க விரும்பும் உழவரின் பெயர்களைத் தெரிந்தெடுத்த நகரங்களின் தபாலதிபர்கள் அச்சிட்டு வழங்கினர். இடைத்தரகர் ஒழிவர், உழவனுக்கு விலை கூடும், நகரத்தாருக்குக் குறையும் என்றனர். முட்டை உடையும் என்ற ஐயத்தைப் போக்க விவசாயப் பகுதி பரீட்சை நடத்தியது. அனுப்பிய 9,131 முட்டைகளுள் உடைந்தவை 327 மட்டுமே. ஆகவே வழியில் உடைந்தது முட்டையன்று, வியாபாரமே. நகரத்து இல்லத்தரசி சந்தையில் பண்டத்தைக் கண்ணாற் கண்டு, கையால் தொட்டு வாங்கிப் பழகியவள். பண்ணைக்கோ ஒவ்வொரு டசினுக்கும் கடிதம் எழுதி, விலை கேட்டு, விடைக்குக் காத்திருக்கவேண்டும். உழவனுக்கும் வாரந்தோறும் தவறாது வாங்கும் கை வேண்டும். நல்ல கூடை வேண்டும். வெறுங்கூடை திரும்பி வரும் கூலியும் வேண்டும். இடைத்தரகன் சும்மா தின்றவன் என்று எண்ணியோர், அவன் செய்த வேலை யாது என்பதை அப்போதுதான் அறிந்தனர். விலைப்பட்டியல் அச்சிட்டு, பண்டகசாலை கட்டி, கட்டளைகளை ஒழுங்காக நிறைவேற்றும் ஆற்றல் ஏற்கெனவே உடைய சிக்காகோப் பெருங்கடைகளே மலிவான கூலியின் பெரும் பயனைக் கொண்டன. சிற்றூர்க் கடைக்காரரின் அச்சம் வீணன்று.

பணத்தைப் பற்றிய நம்பிக்கையும் பெரிய சிக்கல். முன்பின் அறியாத வணிகனுக்கு எவன் முதலிற் பணம் அனுப்புவான்? அறியாத வாங்குவோனுக்கு எவன் முதலிற் பண்டம் அனுப்புவான்? பொதியைக் கொடுக்கும்போதே பணத்தை வாங்கி, அதனை விற்றவனுக்குச் சேர்ப்பிக்கும் பணியை அமெரிக்கத் தபால் 1913 சூலையில் தொடங்கிற்று. இதில் இந்தியத் தபால் முந்திக்கொண்டது. பெறுமதி பெறும் தபால், அதாவது வி.பி.பி., அங்கே 1877இலேயே தொடங்கிவிட்டது. சென்னைப் புத்தகசாலைகளின் பழைய விளம்பரங்களைப் புரட்டியோர் அந்த மூன்றெழுத்தை நன்கறிவர். முதலில்லாத சிறு வணிகனுக்கு ஓரணா கட்டணக் குறைப்பிலும் இத்தகைய பொறுப்பே பெரிய உதவி எனலாம். ஆனால் வாங்குவோன் மனம் மாறி, பொதியை ஏற்க மறுத்தால் போக்குவரத்துச் செலவு விற்றவன் தலையில். இன்று வீட்டு வாசலிற் பணம் பெறும் முறையில் விற்போர் அனுபவிக்கும் தொல்லையும் இதுவே.

எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் என்னவாயின? பொதித் தபாலின் போட்டி ஒருபுறம், கூலியைக் குறைக்குமாறு மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழு விதித்த கட்டளை மறுபுறம் நெருக்க, யுனைற்றட் ஸ்ரேற்ஸ் எக்ஸ்பிரஸ் 1914இல் கடையைக் கட்டியது. ஏனைய பெருங் கம்பெனிகள் உலகப் போர்க் காலத்தில், 1918இல், அரசின் ஏற்பாட்டினால் ஒன்றாய் இணைந்தன. அவற்றின் வழிவந்த றெயில்வே எக்ஸ்பிரஸ் நெடுங்காலம் தபாலைப் பார்த்துப் பெருமூச்செறிந்தது. ஈற்றில் 1951இல் காங்கிரஸ் அதற்கு இரங்கிற்று. முதற்றரத் தபாற் கந்தோர்களுக்கிடையே செல்லும் பொதியின் எல்லை, அதுவரை எழுபது இறாத்தலாயிருந்தது, அண்மை வலயங்களுக்கு நாற்பதும் ஏனையவற்றுக்கு இருபதுமாகக் குறைக்கப்பட்டது. அதே காலத்திற் கட்டணங்களும் ஏறின.

தபாலிலிருந்து துரத்தப்பட்ட பொதிகள் றெயில்வே எக்ஸ்பிரஸிடம் திரும்பிவரும் என்றே எண்ணினர். அவை அங்கே போகவில்லை. 1907இல் சியற்றில் நகரில் சில இளைஞர் செய்தி கொண்டோடும் தொழிலாகத் தொடங்கிய கம்பெனி ஒன்று, யுனைற்றட் பார்சல் சேர்விஸ் என்ற பெயரோடு மோட்டார் வண்டிகளில் வீட்டுவாசலுக்கு வந்துகொண்டிருந்தது. பொதிகள் பெருமளவில் அதனிடம் சென்றன. சட்டத்தின் துணைபெற்ற றெயில்வே எக்ஸ்பிரஸ் 1975இல் முறிந்தது.

அச்சட்டத்தில் ஒரு சிறு வாயில் மட்டும் அடைக்கப்படாதிருந்தது. எல்லைக் குறைப்பு முதற்றரக் கந்தோர்களுக்கிடையே மட்டுமே. சிற்றூர்க் கந்தோருக்கும் கிராமியத் தபால் வழிக்கும் பழைய எழுபது இறாத்தலே நீடித்தது. ஆகவே நகரத்தில் இருபது இறாத்தலுக்கு மேல் ஏற்க மறுக்கப்பட்ட பொதியை, சில மைல் தூரம் எடுத்துச் சென்று சிற்றூர்த் தபாலதிபரின் தராசில் வைத்தால் அது சட்டப்படி செல்லும். வண்டியோட்டும் செலவைக் கழித்தும் மிச்சம் உண்டா என்பதை மட்டுமே வணிகன் கணிக்கவேண்டியிருந்தது.